காதுக்கு உண்டு, முட்டிக்கு இல்லை

சனிக்கிழமை காலை முதல் டோக்கன்
சுயம்புலிங்கம், சாரம் கட்டுபவர், வயது முப்பத்தொன்று.
முந்தின நாள் கேம்ப் மைதானத்துக் கபடியில்
யாரோ ஒருவரின் தொடைக்கும் தரைக்கும் நடுவே
இடது காது அகப்பட்டிருக்கிறது.
மடிப்பெல்லாம் மறைந்து, ஊதா நிறத்தில்
சுட்ட கத்தரிக்காயாகப் பளபளத்தது.
"வலி பரவாயில்ல சிஸ்டர்,
ஹெல்மெட்டுதான் ஏறமாட்டேங்குது."

டாக்டர் ஹாஸெம் அரபியில் சொல்வதை
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
ஜுபைலில் பதினோரு வருடமாக
என் சம்பளத்தில் பாதி இதற்குத்தான்.
குத்ரூஃப் என்றால் குருத்தெலும்பு, அது சுலபம்.
அதன்மேல் போர்த்திய சவ்வுக்கு
பெரிகாண்ட்ரியம் என்று எழுதி
அந்தக் காலத்தில் இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கட்டிலில் கிடப்பவரிடம் அதைச் சொல்லி என்ன?

"காதுக்குள்ள இருக்கிற குருத்துக்கு
ரத்தக்குழாய் கிடையாதுங்க.
ஒண்ணுகூட.
மேல மெல்லிசா ஒரு உறை ஒட்டியிருக்கு,
வேர்க்கடலை மேல சிவப்புத் தொலி இருக்கும்ல, அப்படி.
அதுலேர்ந்து கசியறதைத்தான் குருத்து சாப்பிடுது.
இப்ப நடுவுல ரத்தம் பூந்து
ரெண்டையும் பிரிச்சிடுச்சு."

அவர் கொஞ்ச நேரம் ஏசியைப் பார்த்தார்.
"அப்ப உள்ள பட்டினி."

ஆமாம்.

கீறினோம். கறுத்த ரத்தம், ஏழு மில்லி.
பல் டாக்டர்கள் வைக்கிற பஞ்சுருளை இரண்டு,
காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
ஊடே ஊசி விட்டு இறுக்கித் தைத்தோம்,
உறை தன் குருத்தைத் தொட்டபடியே கிடக்கட்டும் என்று.
ஏழு நாள். கபடி கூடாது. ஹெல்மெட் கூடாது.
கடைசியதைச் சொல்லும்போது
எனக்கே குரல் இறங்கிவிட்டது.
ஹெல்மெட் இல்லாத தலையை
எந்த பிளான்ட் கேட்டும் உள்ளே விடாது.
விடுப்புச் சீட்டில் மூன்று நாளுக்குத்தான் முத்திரை விழுந்தது.

இருபத்துமூன்றாம் நாள் வந்தார்.
பஞ்சுருளைகளை நான்காம் நாளே
ஃபோர்மேன் மேசைக் கத்தரிக்கோலால் வெட்டினாராம்.

பிரிந்துபோன உறை சும்மா இருப்பதில்லை.
குருத்து செய்வது அதன் வேலை, செய்யும்,
எங்கே இருக்கிறோம் என்று பார்க்காது.
கிடைத்த இடைவெளியில்
அளவும் அச்சும் இல்லாமல்
கட்டிகட்டியாகச் செய்துகொண்டே போகும்.
தொட்டுப் பார்த்தேன்.
கையுறைக்குள்ளும் தெரிந்தது கெட்டி.

ஆனால் அவர் காதுக்காக வரவில்லை.
பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.
சாரத்திலிருந்து இறங்கும்போது நறநறவென்கிறதாம்,
பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கிறதாம்.

தன் துறை இல்லையென்றாலும்
டாக்டர் முட்டியில் கை வைத்து மடக்கி நீட்டினார்.
இங்கேயும் குருத்துதான். ஆனால் உறை கிடையாது.
ஒன்றோடொன்று உரசுகிற முகத்தில்
சவ்வு தாங்காது என்றோ என்னவோ
உடம்பே அதை வைக்காமல் விட்டிருக்கிறது.
தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து
சுயம்புலிங்கம் கேட்டார்:
"காதுல அது வேலையத்துப் போயி
கண்டதையும் கட்டிக்கிட்டுக் கிடக்குதுல்ல?
அதை உரிச்சு முட்டியில ஒட்டினா என்ன?"

சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விலாக் குருத்தின் உறையை உரித்து
முட்டியில் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு என்றார்.
சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை.
இந்த ஆஸ்பத்திரியில் நடக்காது,
இவருடைய கார்டுக்கு எங்கேயும் நடக்காது.

முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அவர் பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.
எழுந்து நின்று, சட்டைக்கு மேலாக
விரல்களால் ஒவ்வொன்றாக எண்ணியபடி,
"எத்தனாவது எலும்பு சிஸ்டர்?" என்றார்.